மகள் கல்லூரி மாறிய கதை



உங்கள் வீட்டிலும் தூர தேசத்தில் படிக்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம். இல்லாவிட்டால், அனுப்புவோமா விடுவோமா என்று மஃரிபுக்குப் பிறகு உம்மாவும் வாப்பாவும் தணிந்த குரலில் பேசிக்கொள்ளும் வீடாக உங்கள் வீடு இருக்கலாம். அப்படியான வீடுகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்குப் புத்தி சொல்ல நான் படித்தவளும் அல்ல. நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர்கள். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது நாங்களும் வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தோம். அப்போது எனக்குப் பதினேழு வயது. ஏ.எல். வகுப்பில் விஞ்ஞானப் பிரிவு. பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பின்னேர வகுப்பு, நிவாரண அட்டை, கலியாணம். அந்தக் கதையை நம் சகோதரிகள் பலர் என்னைவிட நன்றாக எழுதிவிட்டார்கள். இங்கே இவ்வளவு போதும். கிரீன் கார்ட் லொத்தரில் பெயர் விழுந்து 2006இல் நாங்கள் அமெரிக்கா வந்தோம். அப்போது மூத்த மகளுக்கு ஏழு வயது. ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்த அவளுடைய வாப்பாவுக்கு இங்கே பண்டகசாலையில் இரவு வேலை கிடைத்தது. எனக்கு ஒரு பாடசாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் பகல் வேலை.

2017இல் அந்த மகள் எங்கள் மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். பெயர் எதற்கு? நாற்பதினாயிரம் பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் இடம். சேர்ந்த அன்று புத்தளத்திலும் மன்னாரிலும் உள்ள சொந்தக்காரர் எல்லோருக்கும் அதன் படத்தை நான்தான் அனுப்பினேன். விளையாட்டு மைதானம் மட்டும் எங்கள் ஊர் முழுவதையும் உள்ளே வைத்துப் பூட்டலாம்போல் இருந்தது. "டொக்டராகி வருவாள், துஆச் செய்யுங்க" என்று எழுதினேன். அவளிடம் கேட்டு எழுதவில்லை. நான் டொக்டராக நினைத்தவள். அந்த நினைப்பை அவளுடைய தோளில் வைத்தேன், அது பாரம் என்று தெரியாமலே.

முதலிரண்டு மாதமும் கோல் எடுத்தால் "நல்லா இருக்கன் உம்மா" என்பாள். பிறகு "படிக்கிறன் உம்மா" என்று சுருங்கியது. பிறகு செய்தி மட்டும் வரும். இந்த நாட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் என்று பக்கத்து வீட்டுச் சகோதரி ஒருவர் ஆறுதல் சொன்னார். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

டிசம்பர் விடுமுறைக்கு வந்தவள் பகல் முழுவதும் தூங்கினாள். கோழிக்கறி வைத்தால் கொஞ்சம் கிள்ளிவிட்டுப் போய்விடுவாள். என் மனம் பொறுக்காமல் ஒரு நாள் பல்கலைக்கழகக் காரியாலயத்துக்குக் கோல் எடுத்து, மகளின் புள்ளிகளைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். மகளின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் சொல்ல முடியாது என்றார்கள். 1974ஆம் ஆண்டிலிருந்து இங்கே அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளையின் பதிவுகள் பிள்ளைக்குச் சொந்தம், பெற்றோருக்கு அல்ல. காசு கட்டுவது நாங்கள், கதவு எங்களுக்கே பூட்டு! அன்று எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. ஆனால் அந்தக் கோபத்தை நான் கொண்டுபோய்க் கொட்டியது மகளின் தலையில்.

அப்போதுதான் வாய் திறந்தாள். இரசாயனவியலில் தப்பித் தவறிச் சித்தி. மற்றப் பாடங்கள் பரவாயில்லை. நவம்பரில் மூன்று கிழமை வகுப்புக்கே போகவில்லையாம்.

"ஏன் போகல்ல?"

"போனாலும் ஒண்டுதான் உம்மா, போகாட்டியும் ஒண்டுதான். நானூறு பேர் இருக்கிற ஹோல். நான் வரல்ல எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

சகோதரிகளே, நம் நாட்டில் பல்கலைக்கழகம் என்றால் கிடைப்பதே பெரிய காரியம். இசட் புள்ளி, மாவட்டக் கோட்டா என்று எத்தனை சல்லடை! கிடைத்த இடத்தை விட்டு இன்னோர் இடத்துக்கு மாறுவது என்ற பேச்சே நமக்குப் பழக்கமில்லை. இங்கே அப்படியல்ல. 2008இல் கல்லூரிக்குள் நுழைந்த அமெரிக்கப் பிள்ளைகளைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதலானோர் ஆறு வருடத்துக்குள் ஒரு தடவையாவது இடம் மாறியிருந்தார்கள். ஒபாமாகூட ஒரு சிறிய கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு 1981இல் கொலம்பியா என்ற பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறியவர்தானாம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த விஷயங்கள். 2018 ஜனவரியில் "நான் வேற கொலேஜுக்கு மாறப் போறன் உம்மா" என்று அவள் சொன்னபோது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டால் திரும்ப அந்த வாங்கில் இருக்கக் கிடைக்காது. அது என் சொந்த அனுபவம்.

இடமாற்றம் வேறு, இடப்பெயர்வு வேறு. தமிழில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற சொற்கள் என்றாலும் ஒன்று நாமே எழுந்து நடப்பது, மற்றது பிடரியில் பிடித்துத் தள்ளுவது. என் மூளைக்கு அந்த வித்தியாசம் விளங்கும். நெஞ்சுக்கு விளங்கவில்லை. "கூட்டத்துக்குள்ள இருந்தாத்தான் பாதுகாப்பு" என்று சொல்லி மறுத்துவிட்டேன். இரண்டு கிழமை நாங்கள் இருவரும் சரியாகப் பேசவில்லை. நான் இதில் சொல்ல வந்த பிழை இதுதான்.

மாற்றியது யார் தெரியுமா? நான் வேலை செய்யும் பாடசாலையின் நூலகப் பொறுப்பாளர் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. மகள் சின்ன வயதில் என் வேலை முடியும்வரை அவருடைய நூலகத்தில்தான் இருப்பாள். நான் தட்டுக் கழுவிக்கொண்டே ஒரு நாள் இதைச் சொல்லி மூக்கை உறிஞ்ச, அவர் ஈரக் கையோடு என்னைப் பிடித்து உட்கார வைத்தார். "உன் மகள் என்னோடு மணித்தியாலக் கணக்கில் பேசுவாளே. பேச்சை விட்டுப்போன பிள்ளை அல்ல அது. பேச ஆள் இல்லாமல் போன பிள்ளை" என்றார். அவரும் ஒரு சிறிய கல்லூரியில் படித்தவர்.

அந்தச் சிறிய கல்லூரிகளைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 'லிபரல் ஆர்ட்ஸ்' கல்லூரி என்பார்கள். இந்தப் பெயரைக் கேட்டதும் எங்கள் வீட்டில் வெடித்தது இரண்டாவது பூகம்பம். "என்னது, ஆர்ட்ஸா? விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைய ஆர்ட்ஸ் படிக்க அனுப்பச் சொல்றியா?" என்று அவளுடைய வாப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டார். ஏ.எல்.லில் புள்ளி குறைந்த பிள்ளைக்குத்தான் ஆர்ட்ஸ் என்று ஊறிப்போன தலைகள் அல்லவா நம்முடையவை! இங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே இரசாயனவியலும் உண்டு, கணிதமும் உண்டு, சரித்திரமும் மொழியும் உண்டு. எந்தப் பிள்ளையும் எல்லாவற்றிலும் கொஞ்சம் தொட்டு, பிறகு ஒன்றில் ஆழ இறங்க வேண்டும். ஆயிரம், இரண்டாயிரம் பிள்ளைகள்தான் இருப்பார்கள். மேற்படிப்பு மாணவர்கள் அநேகமாக இல்லாததால் பேராசிரியரே வகுப்பெடுப்பார், கட்டுரையையும் அவரே திருத்துவார். பெரிய இடத்தில் மேடையில் பேராசிரியர் பேசுவார். பிள்ளையின் தாளைத் திருத்துவது பல நேரம் அவருடைய உதவி மாணவர்.

மகள் பார்த்துவைத்தது மசாசுசெட்ஸ் மாநிலத்தில் சவுத் ஹாட்லி என்ற சிற்றூரில் உள்ள மவுண்ட் ஹோலியோக் என்ற மகளிர் கல்லூரி. இரண்டாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள். அதைத் தொடங்கியவர் மேரி லயன் என்ற ஆசிரியை. ஏழைக் கமக்கார வீட்டுப் பிள்ளை. பெண்களுக்கு உயர் படிப்பு எதற்கு என்று கேட்ட அந்தக் காலத்தில், பச்சை வெல்வெட் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய்ப் பணம் சேர்த்து, 1837 நவம்பர் 8ஆம் திகதி 80 மாணவிகளோடு திறந்தாராம். கட்டணம் குறைய வேண்டும் என்பதற்காகச் சமையலும் கூட்டிப் பெருக்குவதும் மாணவிகளே. இதை மகள் வாசித்துக் காட்டியபோது, பிடியரிசி சேர்த்து மத்ரஸாவுக்குக் கூரை போட்ட எங்கள் உம்மம்மாமார் என் கண்ணுக்குள் வந்தார்கள். எமிலி டிக்கின்சன் என்ற பெரிய கவிஞர்கூட 1847இல் அங்கே சேர்ந்து, ஒரு வருடம்கூடச் சரியாக முடியாமல் வீட்டுக்குத் திரும்பியவராம். "பாத்தீங்களா உம்மா, அவவும் ஒரு வருசத்திலதான் விட்டவ" என்றாள் மகள். அவள் பகடி பேசி எத்தனை மாதம்!

வாப்பாவை மசிய வைத்தது வேறொரு விஷயம். உங்களில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் இது சொந்தம், ஆதலால் கேளுங்கள். பிரசவ அறையில் பிள்ளை பிறந்து ஒரு நிமிடத்திலும், திரும்ப ஐந்தாம் நிமிடத்திலும் ஒரு புள்ளி போடுவார்கள். இருதயத் துடிப்பு, மூச்சு, தசையின் பிடிப்பு, சீண்டினால் காட்டும் அசைவு, தோலின் நிறம் என்று ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரை கொடுத்து, பத்துக்கு எத்தனை என்று எழுதுவார்கள். அப்கார் புள்ளி என்று அதற்குப் பெயர். 1952இல் அதைக் கண்டுபிடித்த வைத்தியர் வர்ஜீனியா அப்கார் 1929இல் மவுண்ட் ஹோலியோக்கில் பட்டம் பெற்றவர். "நான் பிறந்த உடனே எனக்கு முதல் மார்க் போட்டது இந்தக் கொலேஜ் பிள்ளைதான் வாப்பா" என்று மகள் சொல்ல, மனுஷன் சிரித்துவிட்டார். "எட்டோ ஒன்பதோ கிடைச்சிருக்கும்" என்று கணக்கு வாத்தியார் வேறு சேர்த்துக்கொண்டார்.

ஆனால் காசு? அந்தக் கல்லூரியின் ஒரு வருடச் செலவு என்று புத்தகத்தில் போட்டிருந்தது அறுபதினாயிரம் டொலருக்கும் மேல். நான் அதைப் பார்த்துவிட்டுக் கொம்பியூட்டரை மூடிவிட்டேன். நூலகப் பெண்மணிதான் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அது கடைவாசலில் எழுதி வைக்கும் விலை. குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்து அவர்கள் கழித்து விடுவது தனிக் கணக்கு. ஃபாஃப்ஸா என்று அரசாங்கப் படிவம் ஒன்று, சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்று இன்னொன்று. மூன்று இரவு உட்கார்ந்து நிரப்பினோம். மே மாதம் கடிதம் வந்தபோது கழிவு போக நாங்கள் கட்ட வேண்டிய தொகை, பெரிய பல்கலைக்கழகத்துக்குக் கட்டிக்கொண்டிருந்ததைவிடக் குறைவு. வாப்பா அதைக் கடதாசியில் கூட்டிக் கழித்து மூன்று தடவை பார்த்தார். எல்லோருக்கும் இப்படிக் கிடைக்கும் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். நாங்கள் கிரீன் கார்டில் வந்தவர்கள், அரசாங்க உதவிக்கும் உரித்து உண்டு. இலங்கையிலிருந்து மாணவர் விசாவில் வரும் பிள்ளைகளுக்கு உதவிப் பணம் கொடுக்கும் கல்லூரிகள் குறைவு. அதிலும் இடையில் மாறி வரும் பிள்ளைகளுக்கு இன்னும் குறைத்துக் கொடுக்கும் இடங்கள் உண்டு. விசாவில் உள்ள பிள்ளைக்கு வேறொரு வேலையும் இருக்கிறது. பழைய கல்லூரி தன் பதிவைப் புதிய கல்லூரிக்குக் கைமாற்ற வேண்டும், புதிய கல்லூரி புதிய ஐ-20 பத்திரம் கொடுக்க வேண்டும். அது முடியுமுன் பழைய இடத்தில் பேரை வெட்டிவிட்டால் விசாவே சிக்கலாகிவிடும். யாராவது உங்கள் பிள்ளையிடம் "விட்டுட்டு வா, பிறகு பார்ப்பம்" என்று சொன்னால் காதில் போடாதீர்கள்.

காசைவிடக் கஷ்டமாக இருந்த ஒன்று உண்டு. விண்ணப்பத்தோடு, பாடம் கற்பித்த ஒருவர் பிள்ளையைப் பற்றி எழுதிய கடிதம் வேண்டும். ஐந்து மாதம் அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தவளை முகம் தெரிந்த பேராசிரியர் ஒருவர்கூட இல்லை! எனக்கு அப்போதுதான் அவள் சொன்ன "ஒருத்தருக்கும் தெரியாது" சரியாக உறைத்தது. கடைசியில் ஆங்கிலக் கட்டுரை எழுதப் பழக்கும் வகுப்பு ஒன்று, இருபது பேர் மட்டும் உள்ளது, அதை எடுத்த இளம் விரிவுரையாளர் எழுதிக் கொடுத்தார். அவருடைய அறைக் கதவைத் தட்டப் பயந்து மகள் மூன்று நாள் வாசலால் நடந்து திரும்பியிருக்கிறாள். நான்காம் நாள் அவரே எழும்பி வந்து கதவைத் திறந்து "என்னிடம்தானே வந்தீர்கள்?" என்று கேட்டாராம். பெரிய இடங்களிலும் இப்படியானவர்கள் இருக்கிறார்கள். அதை மறைக்கக் கூடாது.

பெரிய இடம் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுச் சகோதரியின் மகன் அதே பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துப் பூத்துக் குலுங்கினான். அவனுக்குக் கூட்டம் என்றால் உயிர். ஆய்வுகூடங்கள், நூறு விதமான பாடங்கள், ஜும்ஆவுக்கு நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், நோன்பு திறக்க ஒரு மண்டபம். அந்த முஸ்லிம் மாணவர் சங்கங்கள் 1963இல் இல்லினோய் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொடங்கியவை, பெரிய பல்கலைக்கழகங்களில்தான் வேர் பிடித்தவை. மகள் மாறிப்போனபோது அதையெல்லாம் விட்டுத்தான் போனாள். ஒரே சாப்பாட்டை இரண்டு பிள்ளைக்கும் கொடுத்து ஒருவனுக்குச் சேர்ந்தது மற்றவளுக்கு ஏன் சேரவில்லை என்று உம்மாவாகிய நாம் சண்டை பிடிப்பதில்லையே.

படித்த பாடங்கள் முழுவதும் கூட வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மவுண்ட் ஹோலியோக்கில் பட்டம் பெற 128 புள்ளி வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவருவதில் 64 வரைதான் ஏற்பார்கள். மகள் ஒரு வருடத்தில் முப்பது கொண்டுபோனாள், அதிலும் ஒரு பாடத்தைத் தட்டிவிட்டார்கள். பாடத்திட்டத் தாள்களைப் பத்திரமாக வைத்திருந்ததால் இன்னொன்று தப்பியது. குப்பை என்று அந்தத் தாள்களை நான் எறியப் பார்த்தேன், வாப்பா தடுத்தார். வாத்தியார் புத்தி.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "பெரிய கெம்பஸ்ஸில் ஃபெயிலாம், பேர் தெரியாத இடத்துக்குப் போட்டாங்களாம்" என்று புத்தளத்திலிருந்து சாச்சி கோலெடுத்துக் கேட்டார். நான் "ஸ்கொலர்ஷிப் கிடைச்சுது சாச்சி" என்று மட்டும் சொன்னேன். பொய்யல்ல. முழு உண்மையும் அல்ல. அப்போது பேசிவந்த ஒரு சம்பந்தமும் ஆறிப்போனது. அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை என்று சொன்னால் அதுதான் பொய்.

2018 ஓகஸ்டில் பதினான்கு மணித்தியாலம் கார் ஓடிப்போய் அவளை விட்டு வந்தோம். மரங்கள் நிறைந்த இடம். பிள்ளைகள் புல்லில் செருப்பில்லாமல் நடந்து திரிந்தார்கள்.

இனிமேல் எல்லாம் சுகம் என்று எதிர்பார்க்கிறீர்களா? நானும் எதிர்பார்த்தேன். முதல் மாதம் முந்தியதைவிட மோசம். மற்றப் பிள்ளைகள் முதல் வருடமே கூட்டாளி பிடித்துவிட்டார்கள். நடுவில் வந்தவளுக்குச் சாப்பாட்டு மேசையில் எங்கே உட்காருவது என்றே பிரச்சினை. அதற்கு மேல், ஒளிய இடமில்லை. பதினான்கு பேர் உள்ள வகுப்பில் ஒரு நாள் போகாமல் விட்டாள். பின்னேரமே பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல், "உங்களைக் காணவில்லை, சுகமா?" என்று. அன்று இரவு கோலில் அழுதாள். "அங்க ஒருத்தரும் பாக்கல்ல எண்டு அழுதன், இங்க எல்லாரும் பாக்கிறாங்க உம்மா." நான் என்ன சொல்வது? தஹஜ்ஜுதில் அழுததைத் தவிர என்னிடம் வேறு மருந்து இருக்கவில்லை.

அந்தக் கல்லூரியில் பழைய வழக்கம் ஒன்று. 1838இலிருந்தே நடக்கிறது. இலையுதிர் காலத்தில் ஏதோ ஒரு நாள், எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள், காலையில் மணி அடிக்கும். அன்று வகுப்பு இல்லை, எல்லோரும் மலை ஏற வேண்டும். மலை நாள் என்று அதற்குப் பெயர். அந்த வருடம் மணி அடித்தபோது மகள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். பக்கத்து அறைப் பிள்ளை, அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள், கதவைத் தட்டி "உனக்கு எத்தனையாம் நம்பர் சப்பாத்து?" என்று கேட்டிருக்கிறாள். இரவல் சப்பாத்தோடு ஏறிப்போய் உச்சியிலிருந்து எனக்குக் கோல் எடுத்தாள். காற்றில் பேச்சே கேட்கவில்லை. "ஆறு தெரியுது உம்மா, வளைஞ்சு போகுது" என்றது மட்டும் கேட்டது. கனெக்டிகட் ஆறு. நான் சாப்பாட்டுக்கூடத்தில் கையுறையோடு நின்றுகொண்டு "கால் கவனம், கால் கவனம்" என்று கத்தினேன்.

நவம்பரில் இன்னொரு கூத்து. மேரி லயனின் கப்ர் கல்லூரி வளவுக்குள்ளேயே இருக்கிறது. நிறுவுநர் தினத்தன்று விடியற்காலைக் குளிரில் அதற்குப் பக்கத்தில் நின்று எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிடுவார்களாம்! கப்ரடியில் ஐஸ்கிரீமா என்று நான் அதிர்ந்துபோய்க் கேட்டேன். "நான் தள்ளித்தான் நிண்டன் உம்மா. ஆனா சாப்பிட்டன்" என்றாள்.

இரசாயனவியலை அங்கேயும் எடுத்தாள், நன்றாகவே செய்தாள். பிறகு 2019 வசந்தத்தில் ஒரு நாள் "உம்மா, கோவிக்காதீங்க, நான் டொக்டருக்குப் படிக்கல்ல, சரித்திரம் படிக்கப் போறன்" என்றாள். முந்தைய வருடத்து நானாக இருந்திருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். அன்றும் ஒன்றும் பெரிய மனதோடு நான் ஏற்கவில்லை. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய், கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவினேன்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை, திரும்பக் கோல். சரித்திர வகுப்பில் பேராசிரியர் ஒரு வேலை கொடுத்திருக்கிறாராம். புத்தகத்தில் இல்லாத ஒரு சம்பவத்தை, அதைக் கண்ணால் கண்ட ஒருவரிடம் கேட்டு எழுத வேண்டும். மகள் யாரோ ஒரு பழைய தொழிலாளியைத் தேடப் போவதாகச் சொன்னாளாம். வகுப்பில் பன்னிரண்டு பேர்தான். பேராசிரியருக்கு இவள் எங்கிருந்து வந்தவள் என்று தெரியும். "உங்கள் உம்மாவிடம் கேட்டீர்களா?" என்றாராம்.

"நீங்க எனக்கு ஒரு நாளும் முழுசாச் சொல்லல்ல உம்மா. இப்ப சொல்லுங்க. ரெக்கோட் பண்ணட்டா?"

இருபத்தெட்டு வருடம் நான் யாருக்கும் முழுதாகச் சொல்லவில்லை. அவளுடைய வாப்பாவுக்கும் இல்லை, அவரும் அதே வள்ளங்களில் வந்தவர் என்பதால் சொல்லத் தேவை இருக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கீழே இருந்துகொண்டு, பேச ஆரம்பித்தேன். ஒலிபெருக்கியில் அறிவித்த நேரம். உம்மம்மா கோழிகளைக் கூட்டைத் திறந்து விட்டது. கரையில் வரிசை. மழை. கற்பிட்டியில் யாரோ முகம் தெரியாத ஒரு தாய் தந்த பாணும் சம்பலும். லுஹருக்குத் தொடங்கியது, அஸர் கழிந்தும் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அவள் ஒன்றும் பேசவில்லை. இருக்கிறாளா என்று இரண்டு தடவை கேட்டேன். "இருக்கன் உம்மா" என்றாள்.

கடைசியாக ஒன்று கேட்டாள். பெரிய கேள்வி ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன்.

"உங்கட கெமிஸ்ட்ரி கொப்பி என்ன ஆச்சு உம்மா?"

மேசை லாச்சியில் வைத்திருந்தேன். நீல மட்டை. எடுக்கத்தான் போனேன். வாப்பா வாசலில் நின்று "உடுப்பு மட்டும், உடுப்பு மட்டும்" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். லாச்சியைத் திறந்தேன், பார்த்தேன், திரும்ப மூடினேன். ஏன் மூடினேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. திரும்பி வரும்போது எறும்பு அரிக்கக் கூடாது என்று நினைத்தேனாக்கும்.

"அதையும் எழுதட்டா?" என்று கேட்டாள்.

எழுது மகள் என்றேன்.